புது ஏசிக்குச் சூடம்

திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் செல்லும் பேருந்தில், கப்பலூரில் ஏறிய இரண்டு ஏசி மெக்கானிக்குகள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தனர். இளையவர் சொன்னதைக் கேட்டுத்தான் நாளிதழை மடித்தேன்.

“புது ஏசிக்குச் சூடம் காட்டுனாங்கண்ணே. உள்ள இருக்கிறது தீப்பிடிக்கிற கேஸு.”

“எங்க?”

“வில்லாபுரத்துல ஒரு கல்யாண மண்டபம். பூமியைச் சூடாக்காத கேஸுன்னு வாசல்ல பேனர் வேற. ஓனரு ஏசிக்குப் போட மாலையோட நிக்கிறாரு.”

“பழைய ஏசியில இருந்த கேஸு?”

“கொல்லைப்பக்கம் தெறந்து விட்டாச்சு. அம்புட்டும் வானத்துக்குப் போயிருச்சு.”

“பூமி சூடாகுறதே அந்தக் கேஸாலதான மாப்ள. எந்த மடையன் தெறந்தான்?”

இளையவர் சன்னல் பக்கம் திரும்பினார்.

“சிலிண்டர்ல பிடிக்க நேரமில்லைன்னாரு ஓனரு. மாட்டேன்னு சொன்னா அவரோட அடுத்த மண்டபத்து வேலை எனக்கு வராது.”

“அப்ப மாலைய உனக்குல்ல போட்டிருக்கணும்.”

பழங்காநத்தம் வந்தது. இறங்க எழுந்தபோது இளையவர் கேட்டார்.

“நாளைக்கு அந்த அடுத்த மண்டபத்துல பழைய ஏசிய எறக்கணும்ணே. ஒங்க காலி சிலிண்டரத் தருவீகளா?”

“தாரேன். அதுக்கும் ஒரு மாலையப் போட்டுக் கூட்டிட்டுப் போ.”