மாமா வயிற்றில் நின்ற போட்டு

"எங்க மாமாவுக்குத் தல கீது, கை கீது, வயிறு இருக்க வேண்டிய எடத்துல கடல் கீதுடி!"

எண்ணூர் பேருந்தில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் அவள் தோழி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னாடி பண்ண?"

"அவரோட அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர். மொத தபா நானே போன்ல செஞ்சேன். போட்டோல பின்னாடி கீற வெள்ளச் சுவத்த அழிச்சேனா, வெள்ளச் சொக்காவும் சேந்து பூடுச்சு. அத்தப் பாக்காம, அவரு மீன் புடிக்கிற போட்டு நிக்கிற கடல் படத்து மேல ஒட்டி கடைக்கு அனுப்பிட்டேன். தெருமுனையில கட்டியாச்சு."

"ஐயோ! மாமா பாத்தாரா?"

"பாத்தாரு. போட்டு கரெக்டா வயித்துல நிக்குது. 'கயட்டாதீங்க, அதான எனக்குச் சோறு போடுது'ன்னுட்டாரு."

"தப்பிச்சடி!"

"எங்க தப்பிச்சேன்? இப்பதான் அம்மா போன் பண்ணுச்சு. போட்டு வெச்சிருக்கிற அத்தினி பேரும் வெள்ளச் சொக்கா போட்டுகினு, அதே மாதிரி போட்டோ வோணும்னு எங்க வூட்டு வாசல்ல நிக்கிறாங்களாம்!"