அப்படி ஒருவர் இங்கு இல்லை

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதியபடி சரி. வயது முப்பத்து நான்கு. பக்கத்து மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புகார் கொடுத்த பார்சல் ஆபீஸ் குமாஸ்தா என் கணவர். நாங்கள் பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. எட்டு வயது மகள் என்னிடம் வளர்கிறாள். யாருடைய கட்டாயமும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

மகளுக்குப் பிறவியிலேயே வலது காலில் வலு இல்லை. இரண்டு பக்கமும் கம்பி வைத்த காலணி போட்டால் நடப்பாள். கால் வளர வளர அதை மாற்ற வேண்டும். என் ஒற்றைச் சம்பளத்தில் முடியாததால், இரண்டு வருடத்துக்கு முன்பு, பிள்ளையின் செலவில் அவரும் பங்கு தரவேண்டும் என்று எங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தேன். அவர் இந்த மாநிலத்துக்கு வந்துவிட்டதால், நோட்டீஸ் இங்கே வந்து அவர் கையில் சேர்ந்தால்தான் விசாரணை என்றார்கள். வீட்டு முகவரி தெரியாமல் பார்சல் ஆபீஸ் முகவரியைக் கொடுத்தேன். அதன் பிறகு கோர்ட் அனுப்பிய இரண்டு நோட்டீசும் திரும்பி வந்தன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் சம்பளத்தை விட்டுப் போய் நின்றேன். பிள்ளை வளர்ந்தாள், வழக்கு வளரவில்லை. காலணியின் முன்பக்கத்தை நானே கத்தரித்து அவள் விரல்களை வெளியே விட்டேன்.

அதன் பிறகு வக்கீல் தனியாக ஒரு பதிவுத் தபால் அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தபோது உறையை என்னிடம் கொடுத்தார். மேலே 'அப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று எழுதியிருந்தது. வீட்டில் அதைப் பார்த்த மகள், "அம்மா, அப்பா லெட்டர் போட்டிருக்காரு" என்றாள். அவளுடைய முதல் நோட்டுகளில் பெயர் எழுதிக்கொடுத்தவர் அவர்தான். இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்து அவளுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். ஊரெல்லாம் போகும் மூட்டைகளுக்கு முகவரி எழுதிப் பிழைக்கிறவர், தான் இல்லை என்று தன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயே போய் ஒளிந்துகொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு போன வாரம் காலணியின் கம்பி பட்டையை விட்டுக் கழன்றது. மகள் பள்ளிக்கூடம் போவது நின்றது. அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, காலணியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, இன்று காலை பத்தரை மணிக்குப் பார்சல் ஆபீஸ் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் காலணியைத் தராசில் வைத்தேன். அவர் நிமிராமல், "எங்கம்மா போகணும்?" என்றார். "உங்களுக்குத்தான்" என்றேன். அதன் பிறகு நிமிர்ந்தார். "இங்க வந்து மானத்த வாங்காத. எதுவா இருந்தாலும் கோர்ட் வழியா வா" என்றார். கோர்ட் வழியாக வந்ததையும் திருப்பி அனுப்பப்பட்டதையும் சொன்னேன். சத்தம் கேட்டு முதலாளி வந்து நான் யார் என்று விசாரித்ததற்கு, "யாருன்னே தெரியல சார், ஆள் மாறி வந்திருக்காங்க" என்றார். அதன் பிறகு காலணியை எடுத்து வீசினேன். கவுன்டர் கண்ணாடி உடைந்தது. சில்லு கிழித்து அவர் இடது கையில் இரண்டு தையல் போட்டதாக அறிகிறேன். உடைத்தது நான்தான். கை தவறி என்று எழுத வேண்டாம்.

அவர் கொடுத்த புகாரை இந்த ஸ்டேஷன் ஏட்டம்மா எனக்குப் படித்துக் காட்டினார். அதில் தன் பெயர், தகப்பனார் பெயர், வேலை செய்யும் இடம், குடியிருக்கும் வீட்டின் கதவு எண், மாடி வரைக்கும் எழுதி, என்னை 'என் மனைவி' என்று குறிப்பிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இரண்டு வருடமாகத் தேடியும் கிடைக்காத ஆள், கண்ணாடி உடைந்த அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டார். வீசும்போது எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முதல் வாய்தாவுக்கு முன்பே வந்து உடைத்திருப்பேன். கண்ணாடிக்கு உண்டான தண்டனையை ஏற்கிறேன். கைப்பற்றிய காலணி பிள்ளைக்கு இனி ஏறாது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

சொன்னதை எழுதி வாசிக்கக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுவே. அவருடைய புகாரின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டேன்.

(ஒப்பம்)