கொஞ்சம் மந்தமா ஒண்ணு

இல்ல தம்பி, அந்தப் பெரிய டப்பாவை அங்கேயே வச்சிடுங்க. நான் கேட்டது இது, இந்தக் குட்டியூண்டு. பேசினா விளக்கு எரியும், பேசினா அணையும். அவ்வளவுதானே வேலை? அப்புறம் எதுக்கு அவ்வளவு கூடக் குடுத்து அதை வாங்கணும்?

சௌகரியமா? ஐயோ, அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. சௌகரியத்துக்குன்னு கூடக் குடுத்து வாங்கி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துணி துவைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கப் போனேன். சாதா மெஷின் போதும்னுதான் போனேன். உங்களை மாதிரியே ஒருத்தர், நல்லா சிரிச்சுப் பேசி, துவைச்சு முடிச்சதும் போனுக்கே சேதி வரும்மான்னு தலையில கட்டிட்டார். நான் டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறவ. பக்கத்துல ஒருத்தர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வெலவெலத்துப் போயிருக்கார், எதிர்ல லாரி வருது, அந்த நேரம் பாத்து டிங்குன்னு போன். என்னடான்னு பாத்தா, துணி துவைச்சாச்சாம்! அதுக்கு நான் நடு ரோட்ல என்ன பண்ணட்டும், சொல்லுங்க? முடிஞ்சுதுன்னு சொல்லத் தெரியுது, எடுத்துக் காயப்போடத் தெரியலையே.

என் நாத்தனார் கதை அதுக்கும் மேல. தானா வீடு கூட்டற மெஷின் வாங்கி வச்சிருக்கா, தட்டு மாதிரி வட்டமா. அது சோபாவுக்கு அடியில போய் மாட்டிக்கும், கால்மிதியைக் கவ்விக்கிட்டுக் கத்தும். அதனால அதைக் கிளப்பறதுக்கு முன்னாடி இவ நாற்காலியெல்லாம் மேசை மேல ஏத்தி, தரையில கிடக்கறதைப் பொறுக்கி, மூலைமுடுக்கெல்லாம் தொடப்பத்தால ஒரு இழு இழுத்துட்டுத்தான் விடுவா. ஏன்டின்னா, அது பாவம் அண்ணிங்கறா.

சிரிக்காதீங்க, சத்தியமா அப்படித்தான். அதுக்காக எல்லாத்தையும் ஒரேயடியா குறை சொல்ல மாட்டேன். தானா கியர் மாறுற வண்டி இருக்கு பாருங்க, கூடக் குடுத்தாலும் தகும். முழங்கால் வலிக்காரங்க அதுக்குக் கும்புடு போடறாங்க. யாருக்கு, எதுக்குன்னு பாத்து வாங்கணும், அவ்வளவுதான்.

சரி, இதைச் சொல்லுங்க. இந்தச் சின்னது, வார்த்தையை முழுசாச் சொன்னாத்தான் கேக்குமா? வாய்க்குள்ள முனகினா கேக்காது? பாதி சொன்னா? ம்ம். புரியலைன்னு சொல்லுமா? திரும்பத் திரும்பச் சொன்னாலும் சலிச்சுக்காம அதையே சொல்லுமா? அட, அப்படிப் போடுங்க.

தெரியுது தம்பி, நல்லா தெரியுது. பெரியது மழலையைக்கூடப் புடிச்சுக்கும், போர்வைக்குள்ள இருந்து முனகினாலும் புரிஞ்சுக்கும், போகப்போக நம்ம பேச்சை அதுவே பழகிக்கும். வந்ததுல இருந்து அதைத்தானே சொல்றீங்க. அதனாலதாங்க அது வேணாங்கறேன்.

ஐய, காசு இல்லாம இல்ல. காசைக் கையிலயே கொண்டு வந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரருக்குத்தான். பக்கவாதம் வந்து படுத்துட்டார். இப்போ பரவாயில்ல, தலைகாணியை முட்டுக்குடுத்தா உக்காந்துக்கறார். கட்டிலை விட்டுத் தானா இறங்கத்தான் முடியல. பேச்சும் குழறுது. விடாம பேசிப் பழகினா வந்துடும்னுதான் சொல்றாங்க. பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு அம்மா வீட்டுக்கு வராங்க. அவங்க போன வாரம் என்னைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அவர் ம்ம்னு முனகினா தண்ணி நீட்டறீங்க, கண்ணைக் காட்டினா ஃபேனைப் போடறீங்க, அப்புறம் அந்த மனுஷன் எதுக்கு வாயைத் திறக்கணும்னு.

சுருக்குன்னுச்சு. வண்டியில எனக்கு இது தெரியாதா? என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. அதை நானே மிதிச்சுக்கிட்டிருந்தா பக்கத்துல இருக்கறவருக்கு ஜென்மத்துக்கும் ஓட்ட வராது. வீட்ல மட்டும் கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. அவர் உதடு அசையறதுக்குள்ள ஓடிடறேன். புரியாத மாதிரி நடிச்சும் பாத்தேன் தம்பி. அவர் முகம் அப்படியே சுருங்கிப்போச்சு. என்னால தாங்க முடியல. இந்தச் சின்ன டப்பா நடிக்க வேணாம் பாருங்க. இதுக்கு நிஜமாவே புரியாது.

விளக்கு ஏன்னா, ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சா அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுக்கொரு கத்தல். அவர் கட்டில்ல இருந்து பாத்தா தெரியற கூடத்துல இந்த லைட்டை எரிய விட்டுடுவேன், அந்தக் கோவத்துலயாவது பேசட்டுமே.

இருங்க, ஒரு தடவை போட்டுப் பாத்துடறேன். அவர் குரலைப் போன்ல புடிச்சு வச்சிருக்கேன். பல்பு எரியுதுல்ல? கிட்டக் கொண்டு வாங்க... ம், என்ன சொல்லுச்சு? இன்னொரு தடவை போடறேன்... பாத்தீங்களா, புரியலைங்குது. ரொம்ப நல்லது. உங்களுக்கும் புரியலையா? லைட்டை அணைடின்னு அவ்வளவு தெளிவா சொல்றாரே.

சரி, கட்டுங்க இதையே. கேரண்டி ஒரு வருஷம்தானா? போதும், போதும். அதுக்குள்ள அணைச்சிடுவார்.