மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூனை

“நான் கேட்டது அது இல்ல குமரன். சாயத்துல என்ன பவுடர் கலந்தீங்க?”

அதற்குத்தான் வருகிறேன், டாக்டர். உங்கள் மேசைமேல் இருக்கிற என் போனில் சார்ஜ் குறைவு. இந்த மாட்டாஸ்பத்திரியில் ஒயர் ஏதாவது இருந்தால் போட்டுவையுங்கள்.

நான் சாயப் பட்டறைக்காரன். பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறிக்காரரை வேண்டுமானாலும் கேளுங்கள், குமரன் போட்ட சாயம் வெளுக்காது என்பார்கள். அந்தத் திறமையைப் பூனைமேல் காட்டினேன், அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீரில் முக்க நான் என்ன மிருகமா? ஆறவைத்துத்தான் முக்கினேன்.

முதலில் அரக்கு. முகூர்த்தப் புடவை நிறம். பூனைக்கு ஜரிகை என்று பெயர் வைத்து, மாமியார் குரலில் நானே பேசி ரீல்ஸ் போட்டேன். நாலாயிரம் பேர் சிரித்தார்கள்.

அடுத்து மாம்பழ மஞ்சள். பூனை தன்னைத்தானே நக்கிக்கொள்ளும் பிராணி. அது கடவுள் செய்த ஏற்பாடு, என்னுடையது அல்ல. இரண்டாம் நாள் மஞ்சள் ஜரிகை பட்டறையின் குறுக்கே தள்ளாடி நடந்தது. இரண்டடி வைக்கும், விழும், எழுந்து சுவரை முறைக்கும். ‘மாப்ள பார்ட்டி முடிச்சிக்கினு வராரு’ என்று பேசிப் போட்டேன். மறுநாளுக்குள் முப்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். சினிமாவில் இருபது வருஷமாகக் குடிகாரனாகவே நடிக்கும் ஒரு காமெடியன், பெயர் வேண்டாம், அதைப் பகிர்ந்து, “நமக்கே டஃப் குடுக்குதுபா. அடுத்து என்ன கலர்?” என்று எழுதினார்.

என்னிடம் அதுவரை யாரும் ‘அடுத்து என்ன’ என்று கேட்டதில்லை. தறிக்காரர்கள் ‘எப்போ’ என்று மட்டும்தான் கேட்பார்கள்.

ரசிகர்கள் தங்கமானவர்கள். தள்ளாட்டம் இல்லாவிட்டால் போரடிக்கிறது என்று உரிமையோடு கண்டித்தார்கள். ஒருவர் மட்டும் ‘பூனைக்கு உடம்பு சரியில்லையோ’ என்று எழுதினார். மற்றவர்களே அவரைத் திட்டி விரட்டிவிட்டார்கள். நான் தலையிடவில்லை.

பிறகு கிளிப்பச்சை, வாடாமல்லி. ஒரே பூனைக்கு எப்படி இத்தனை நிறம் என்று அந்த முப்பது லட்சத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் சாயம்தான் வெளுக்காதே. வெள்ளைப் பூனையில்தான் நிறம் சுத்தமாக ஏறும். எங்கள் தெருவில் ஒன்று, கூரத்தில் ஒன்று, மாகறலில் இரண்டு பிடித்துவந்தேன். நால்வரும் பட்டறைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் உறங்குகிறார்கள்.

ஐந்தாவது மயில்கழுத்து, எதிர்வீட்டுப் பிரவீனா அக்காவுடைய பூனை. அதோ, வாசல் பெஞ்சில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். “ஏம்பா குமரா, முந்தாநேத்து வரைக்கும் என் கால்கிட்டயே படுத்துக்கினு இருந்துச்சிபா. உன்ன என்னாபா பண்ணிச்சு அது?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் பண்ணவில்லைதான். நான் மறுக்கவில்லை.

என்ன கலந்தேன் என்று தெரிந்தால் மாற்று மருந்து போட்டுப் பிழைக்க வைத்துவிடலாம் என்று அரைமணி நேரமாகச் சொல்கிறீர்கள். புரிகிறது. ஆனால் மயில்கழுத்துக் கலவையை என் அப்பா தன் மூச்சு அடங்கும் அன்றுதான் எனக்கே சொன்னார். அக்காவின் தம்பியும் சாயம் போடுகிறவன். அக்கா காதில் விழுந்தால் அடுத்த வாரம் தெருவெங்கும் மயில்கழுத்துதான். தொழில் என்று ஒன்று இருக்கிறதே, டாக்டர்.

ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை நான். சொல்லிவிடுகிறேன், உங்கள் காதில் மட்டும்.

அதற்குள் அங்கே பாருங்கள். மடியிலிருந்து இறங்கிவிட்டது. முன்னங்காலை ஊன்றுகிறது. வெயிலில் என்ன மினுமினுப்பு, இப்படிப் பார்த்தால் பச்சை, திரும்பினால் நீலம். தள்ளாட ஆரம்பித்துவிட்டது.

டாக்டர், அந்தப் போனை ஒரே ஒரு நிமிஷம் கொடுங்களேன்.