ரிப்பன் கட்டிய பிரசவ அறை

— வழியை விடும்மா. மந்திரி கிளம்பிட்டாராம். பழங்குடிப் பிரசவ அறையைக் கடைசியா ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வரணும்.

— பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு? பூட்டு போட்டாச்சு, ரிப்பனும் கட்டியாச்சு. அந்த ரிப்பனை இப்பவே அறுத்தா என்ன?

— ரிப்பனை அறுக்க நீ யாரு?

— மலைக்கு மேல சுகாதாரத் தொண்டரா இருக்கேன் சார். எங்க அண்ணிக்கு வலி எடுத்திருச்சு. போன தடவை இதே ஆஸ்பத்திரியில மல்லாக்கப் போட்டுக் காலைக் கட்டினாங்க. கத்தினதுக்குச் சுத்தி நின்னு சிரிச்சாங்க. குழந்தை தங்கலை. இந்தத் தடவை நம்ம வழக்கப்படி கயிறு புடிச்சுக் குந்தி உக்காந்தே பெத்துக்கலாம், நமக்குன்னே அறை கட்டியிருக்காங்கன்னு சொல்லி நான்தான் இறக்கிக் கூட்டிட்டு வந்தேன். ரத்த அழுத்தம் வேற ஏறிக் கெடக்கு.

— பாத்தியா! அதாவது, அந்த அறையோட நோக்கமே அதுதான்.

— அந்த நோக்கத்துக்குள்ள விடுங்க சார்.

— அதாவது, மந்திரி திறக்கணும்மா. திறக்கற வரைக்கும் அப்படி ஒரு அறையே இல்லை.

— இல்லாத அறைக்கு எதுக்கு சார் பூட்டு?

— குதர்க்கம் பேசாதே. ஆளு எங்கே?

— அந்தப் பக்கம் இருக்கா சார்.

— சாதாரண வார்டுல படுக்கச் சொல்லு. கட்டில் காலியா இருக்கு.

— படுக்கவெச்சா எழுந்து மலைக்கே நடந்துருவா. பாதி வழியில என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

— அப்ப கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.

— அவகிட்ட சொல்லிரலாம். குழந்தைகிட்ட யாரு சார் சொல்றது?

— உங்க ஆளுங்களுக்காகத்தானே நாயா அலையறேன்! வாசல்ல பேனர் பாத்தியா? ‘அனைவருக்கும் சம ஆரோக்கியம்’. அதுல சிரிக்கற பொண்ணு உங்க மலைதான்.

— இல்ல சார். அது படம் புடிக்க வந்தவங்க கூட்டிட்டு வந்த பொண்ணு. கட்டியிருக்கற சேலை மட்டும் எங்க அண்ணியோடது.

— சரி சரி. நகரு.

— ஒண்ணே ஒண்ணு சார். சமம்னா என்ன? எனக்குச் சரியா விளங்கலை.

— இப்பவா?

— மேல போய் நாலு பேருக்குச் சொல்லணுமே. உங்களை மாதிரி யாரு எடுத்துச் சொல்லுவா?

— ம்… அதாவது, சமம்ங்கறது மூணு வகை.

— நின்னுக்கிட்டே வேண்டாம் சார். இந்தப் பெஞ்சுல உக்காருங்க.

— முதல்ல, வாய்ப்புச் சமம். அதாவது, ஒருத்தருக்குக் கிடைக்கறது… ஏம்மா கொட்டாவி விடறே?

— ராத்திரி பூரா அவ இடுப்பைத் தடவிக்கிட்டிருந்தேன். நீங்க ரெண்டாவதுக்கு வாங்க.

— ரெண்டாவது, அணுகல் சமம். அதாவது, யாரு வேணும்னாலும் எந்தக் கதவையும்… இரு. என்ன சத்தம்?

— பூனை சார். மூணாவது?

— பூனையா? பச்சக் குழந்தை அழுகுது! அதுவும் அந்த அறைக்குள்ள! பூட்டு அப்படியே தொங்குதே, ரிப்பன் கூட…

— ரிப்பனை யாரும் தொடலை சார். நர்ஸம்மா பின்கதவு வழியா அண்ணியை அப்பவே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— அப்ப இவ்வளவு நேரம் என்கிட்ட கெஞ்சினது?

— கெஞ்சினேனா? காவல் நின்னேன் சார்.