பயணம் சொல்லிவிட்டு வந்தவர்கள்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், காரைக்காலில் நாகூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு முஸ்லிம் பெரியவரும் அவர் மனைவியும் மூட்டையோடு இருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்து நின்ற பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவன், அவர்களைப் பார்த்ததும் டிரங்குப் பெட்டியோடு ஓடிவந்து ஏறினான்.

"அடே, பினாங்குக் கப்பல்ல இருக்க வேண்டியவன் இங்க என்னடா பண்றே?" என்றாள் அந்த அம்மாள்.

"ஏற மனசு வரலை உம்மா. வாப்பாவுக்குக் கண்ணு தெரியலை. உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்? நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"நாகூருக்கு, உன் தங்கச்சி வீட்டுக்கு. எங்களை நெனச்சு நீ அங்க கவலைப்படக் கூடாதுன்னுதான், அவகூடவே இருந்துடலாம்னு கிளம்பினோம்."

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளியூர் போகிற அவர்கள் வீட்டு மனிதர்கள் தெருவில் வீடு வீடாகப் பயணம் சொல்லி, செய்த பிழையெல்லாம் பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

"நீ அழுது அழுது பயணம் சொன்னே. நீ போனதும் நாங்களும் சொல்லிட்டோம். இப்ப எந்த மூஞ்சியோடடா தெருவுக்குள்ள நுழையறது?" என்றார் மகனிடம்.

"இறங்குறீங்களா, போறீங்களா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"அதுதாம்ப்பா எங்களுக்கும் தெரியலை," என்றார் பெரியவர்.

அந்த அம்மாள்தான் முதலில் எழுந்தாள். "வாடா, பெட்டியைத் தூக்கு. பொறுக்கச் சொல்லிட்டுத்தானே வந்தோம், இதையும் பொறுத்துக்கட்டும்."

மகன் வாப்பாவைக் கைப்பிடித்து இறக்கினான்.

நாகூர் வரும்வரை யோசித்தேன். யாருக்காக யார் பயணத்தை விட்டார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அடி பேத்தி செல்வி, நான் எழுதினதை ஒரு தரம் வாசி. உனக்காவது புரிகிறதா பார்ப்போம்.