வரிசை விற்பனைக்கு இல்லை

மேடையில் வீற்றிருக்கும் நம் ஷாமா ஊரின் தலைவர் அவர்களே! மறைந்தவரின் தாய்வழிக் குடும்பத் தலைவர், பெரியவர் க்வாமெனா டாட்சி அவர்களே! மீன்சந்தைத் தலைவி அராபா அம்மா அவர்களே! துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்தி இந்த மணலில் அமர்ந்திருக்கும் என் ஊராரே! வேலையைப் போட்டுவிட்டு வானொலி வழியே கேட்டுக்கொண்டிருப்பவர்களே! முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் தங்கச் சுரங்க நிறுவனத்தின் மேலாளர் திரு. ஆர்ஹின் அவர்களே! உங்களுக்கும் வணக்கம். உங்களிடம்தான் இன்று எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

கடற்கரை எஃப்.எம். நிறுவனர், நிர்வாக இயக்குநர், எகுவா எசுமன் அம்மையார் மறைந்துவிட்டார். அவருக்குச் செய்தி ஆசிரியராக இருந்த ஜோஜோ பென்ட்சில் பேசுகிறேன். அழுவதற்காக நான் மைக் பிடிக்கவில்லை. அழுதாயிற்று. வீட்டில் அழுதேன், ஸ்டுடியோவில் அழுதேன், வரும் வழியில் பேருந்திலும் அழுதேன். இப்போது எனக்குக் கோபம்தான் மிச்சம் இருக்கிறது.

யார் இந்த எகுவா எசுமன்? டக்கொராடி நகரத்தில் வானொலி விளம்பரம் விற்ற பெண். நல்ல சம்பளம், நல்ல நாற்காலி. ஒருநாள் அதை உதறிவிட்டு, மீன் பதனிடும் குளிர்கிடங்கின் மாடியில் பழைய ஒலிபரப்புக் கருவி ஒன்றை ஏற்றி வைத்தார். மாடி முழுக்க மீன் வாடை. பேட்டிக்கு வந்த அமைச்சர் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே பேசினார். "சார், மூக்கை விடுங்க, ஊருக்கு உங்க குரல் விளங்கல" என்று ஒலிபரப்பிலேயே சொன்னவர் எங்கள் அக்கா!

மகா கஞ்சர். மறைக்க என்ன இருக்கிறது? ஸ்டுடியோவில் நாங்கள் வியர்வையில் குளித்தோம். ஏ.சி. காற்று முழுவதும் கருவி இருந்த அறைக்குத்தான். "அக்கா, நாங்க மனுஷங்க இல்லையா?" என்று கேட்டால், "நீ பேசுறதுக்குச் சம்பளம் வாங்குறடா. அது சும்மா பேசுது. அதுக்குக் காத்தாவது வேணும்ல" என்பார்.

ஆனால் வியாபாரம் என்றால் என்ன என்று அவரிடம்தான் கற்றோம். விளம்பரம் கேட்டுப் பெரிய நிறுவனங்களின் வாசலில் அவர் நின்றதில்லை. மீன் சுடும் பெண்கள், தையற்காரர், சோளக் கென்கி உருண்டை விற்பவர், வலை பழுது பார்ப்பவர், இவர்கள்தாம் அவருடைய விளம்பரதாரர்கள். "ஜோஜோ, ஒரே ஆள் சோறு போட்டா, அவன் ஏப்பம் விட்டாக்கூட நாம கை தட்டணும். ஊரே ஆளுக்கொரு கவளம் போடட்டும். யாருக்கும் கை தட்ட வேண்டாம்" என்பார். மேலாண்மைப் படிப்பு படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களின் நிலையங்கள் இன்று எங்கே? யார் கையில்?

அவருடைய இன்னொரு விதி உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாலை ஆறு மணிக்கு மரண அறிவிப்பு. படகோட்டியானாலும் பாராளுமன்ற உறுப்பினரானாலும் ஒரே நேரம், ஒரே கட்டணம். குடும்பத் தலைவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். யார் முதலில் வந்தாரோ அவர் வீட்டுப் பெயர் முதலில். "நிமிஷத்தை விப்பேன். வரிசையை விக்க மாட்டேன்." இதுதான் எகுவா எசுமனின் முழு வியாபாரத் தத்துவம். நான் இதைவிட நீளமாகச் சொன்னால் திட்டுவார்.

அந்தத் தத்துவத்துக்கு ஒருநாள் சோதனை வந்தது. சுரங்க முதலாளியின் தாயார் காலமானார். அதே நாள் காலையில் கடலில் விழுந்து இறந்த படகுக் கூலியாள் எபோவின் மாமா, அவர்களுக்கு முன்பே வந்து எழுதிக் கொடுத்திருந்தார். எபோவின் தாய் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். அவளுக்கு மகன் செய்தி வானொலியில்தான் போய்ச் சேர வேண்டும். முதலாளியின் ஆட்கள் மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். ஆறு மணி அறிவிப்பு முழுவதும் தங்களுக்கே வேண்டும், படகுக்காரன் பெயர் நாளைக்குப் போகட்டும் என்றார்கள்.

"வரிசையில நில்லுங்க" என்றார் அக்கா.

"அந்தம்மா யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். செத்துப்போனவங்க. எபோவும் செத்துப்போனவன். அவன் முன்னாடி வந்துட்டான்."

அன்று எபோவின் பெயர் முதலில் போயிற்று. மறுநாள் சுரங்கத்தின் விளம்பரம் முழுவதும் நின்றது. அது போகட்டும்! அதே நாள் நிலையத்துக்கு வரும் மின்கம்பி எப்படி அறுந்தது? சரி செய்ய ஆள் ஏன் வரவே இல்லை? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. அன்றும் செவ்வாய்க்கிழமை, இன்று போலவே படகுகள் கடலுக்குப் போகாத நாள். இதோ அமர்ந்திருக்கிறாரே அராபா அம்மா, இவர்தான் கரையில் நின்று கத்தினார்: "ஏய், படகெல்லாம் மல்லாந்து கிடக்கு, அதுக்கு எதுக்குடா எண்ணெய்? தூக்குங்கடா கேனை! எகுவா வாயை மூடினா நாளைக்கு நம்ம சாவை யாருடா சொல்லுவா?" கேன்கள் மாடிப்படி ஏறின. ஆறு மணிக்குக் கடற்கரை எஃப்.எம். பேசியது!

பிறகு, சுரங்கம் தோண்டத் தோண்ட, நம் ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. தேநீர் நிறத்தில் ஓடிவந்த தண்ணீரை அக்கா பாட்டிலில் பிடித்து ஸ்டுடியோ மேசையில் வைத்தார். "இதைக் குடிச்சுக் காட்டுறவங்களுக்கு ஒரு மாசம் விளம்பரம் இலவசம்" என்று அறிவித்தார். கஞ்சர் எகுவா இலவசம் என்று சொன்னது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். திரு. ஆர்ஹின், அந்தப் பாட்டில் இன்னும் மேசையில் இருக்கிறது. யாரும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தில் அக்காவுக்கு இருந்த பங்குகள் நம் வழக்கப்படி தாய்வழிக் குடும்பத்துக்கு வந்திருக்கின்றன. உடல் இன்னும் மண்ணுக்குப் போகவில்லை, அதற்குள் சுரங்க நிறுவனத்தார் விலை பேச வந்துவிட்டார்கள். படகளவுக்கு ஒரு மலர்வளையம் அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கான செலவை ஏற்கிறோம் என்றார்கள். கூடவே சின்ன வேண்டுகோள் ஒன்று: அம்மையாருக்கு மரியாதையாக இன்று மாலை முழுவதும் அவர் புகழ் மட்டுமே ஒலிக்கட்டுமாம், ஆறு மணி அறிவிப்புகள் வேண்டாமாம்! எகுவா எசுமன் பெயராலேயே எகுவா எசுமனின் வரிசையை உடைக்கப் பார்க்கிறார்கள்! இதுவா மரியாதை?

பெரியவர் க்வாமெனா அவர்களே, முடிவு உங்கள் கையில். வெள்ளிக்கிழமை விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட உங்களை அழைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். உங்கள் சகோதரியின் மகள் எகுவா இறந்த அன்று அறிவிப்பு எழுதிக் கொடுக்க நீங்களே நிலையத்துக்கு வந்தீர்கள். வரவேற்பில் இருந்த அடோமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மன்னிச்சுக்கங்க தாத்தா, உங்களுக்கு முன்னால ஆளுங்க நிக்கிறாங்க." அவளுடைய முதலாளியின் சாவு! நிலையமே உங்களுடையது! நீங்கள் என்ன செய்தீர்கள்? கைத்தடியை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். எகுவா எசுமனின் பெயர் அன்று ஒரு தச்சருக்கும் ஒரு பள்ளிக் காவலாளிக்கும் அடுத்துத்தான் வந்தது. ஊர் முழுவதும் அதைக் கேட்டது. அன்று நின்ற கால்கள் வெள்ளிக்கிழமை எந்தப் பக்கம் நடக்கும்? நான் பயப்படவில்லை, ஐயா.

திரு. ஆர்ஹின், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒலிபரப்புக் கோபுரத்தை வாங்கலாம், கட்டடத்தை வாங்கலாம், மீன் வாடையைக்கூட வாங்கலாம். எங்களை வாங்க முடியாது. கருவி போனால் இந்தக் கரையில் ஒலிபெருக்கி கட்டிப் படிப்போம். அதையும் பிடுங்கினால் சந்தை நடுவில் நின்று தொண்டையால் படிப்போம். முதலில் வந்தவர் பெயரை முதலில் படிப்போம். இது நாங்கள் அக்காவுக்குக் கொடுக்கும் வாக்கு!

இன்னும் பேச நிறைய உண்டு. ஆனால் அடோமா கடிகாரத்தைக் காட்டுகிறாள். ஆறு ஆகிவிட்டது. அக்கா இருந்திருந்தால் இந்நேரம் என் மைக்கைப் பிடுங்கியிருப்பார்.

பெரியவர் க்வாமெனா எழுகிறார். ஊராரே, நீங்களும் எழுந்திருங்கள். திரு. ஆர்ஹின், கண்ணாடியைக் கழற்றுங்கள். இது கடற்கரை எஃப்.எம். இன்றைய மரண அறிவிப்புகள். முதலில் வந்தவர்: கென்கி விற்ற அபா டச்சிவா, ஆற்றங்கரைத் தெரு.